கூழைக்கோழி முட்டைகள்

அண்ணன் வளர்த்த கோழிகளுக்குப் பிறவியிலேயே வால் கிடையாது. பின்பக்கமிருந்து பார்த்தால், இறகு ஒட்டிய பந்து ஒன்று தன்பாட்டுக்கு உருண்டு போகிற மாதிரி இருக்கும். வேறு யாராவது வளர்த்திருந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும். அண்ணனிடம் சிரித்தவர்கள் அரைமணி நேரம் நின்று அந்தக் கோழிகளின் அருமை பெருமைகளைக் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டியிருந்தது.

அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், மறுபடி வேனை எடுக்கும்வரை கொல்லைப்புறத்துக் கம்பிவலைக் கூண்டுகளே கதி. முதல் கூழைக்கோழி அவருக்குத் தற்செயலாகத்தான் கிடைத்தது. வாங்கி வந்த குஞ்சுகளில் ஒன்று வாலில்லாமல் வளர்ந்தது. இது நோஞ்சான், அடித்துச் சாப்பிட்டுவிடு என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல, அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அதற்கென்று ஜோடி தேடி, அதன் குஞ்சுகளில் வாலில்லாததாகப் பொறுக்கிச் சேர்த்து, வருஷக்கணக்கில் பாடுபட்டு ஒரு கூட்டத்தையே உருவாக்கிவிட்டார். கூட்டத்துக்குத் தலைவன் ஒரு கறுப்புச் சேவல். எந்த வேலையும் செய்யாமல் எல்லோரையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டு திரிந்ததால் அதற்கு 'மேனேஜர்' என்று பெயர்.

அந்த இனத்தில் ஒரு சிக்கல் உண்டு. வால் இருக்கவேண்டிய இடத்தில் இறகு பஞ்சு மாதிரி அடர்ந்துவிடும். சேவல் அணைந்தாலும் பயனிருக்காது. இடுகிற முட்டையெல்லாம் கூமுட்டையாகப் போகும். அதனால் முட்டைப் பருவம் தொடங்கும் முன்பு அண்ணன் ஒவ்வொரு கோழியாக மடியில் கவிழ்த்துப்போட்டு, கத்தரிக்கோலால் அந்த இறகுகளை ஒட்ட வெட்டிவிடுவார். தன் தலைமுடியை வெட்டிக்கொள்ள இந்த மனுஷனுக்கு நேரமில்லை, கோழிகளுக்கு மட்டும் சலூன் நடக்கிறது என்று அண்ணி அலுத்துக்கொள்வாள்.

தங்கைக்கு இதெல்லாம் அரைகுறையாகத்தான் தெரியும். அவள் அதே நகரத்தின் மறுகோடியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தாள். முனைவர் பட்டம் வாங்கிய நாளிலிருந்து அண்ணன் அவளை 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவார். எங்கள் வீட்டிலும் ஒரு டாக்டர் இருக்கிறாள், ஆனால் காய்ச்சலுக்கு என்ன மாத்திரை என்று கேட்டால் முழிப்பாள் என்று வேன் நிறுத்தத்தில் கூடியிருப்பவர்களிடமெல்லாம் சொல்வார். அதில் பெருமைதான் அதிகம். அவளோ நல்லது கெட்டதுக்கு மட்டும் அண்ணன் வீட்டுக்குப் போவாள், கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே பேசிவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

அவளுடைய வேலை முழுக்க வாலைப் பற்றியது. முட்டைக்குள் கோழிக்குஞ்சு உருவாகும்போது, முதுகு வரப்போகிற கோட்டின் இருபுறமும் திசு சின்னச் சின்னக் கண்டங்களாகப் பிரியும். தலைப்பக்கம் தொடங்கி, வால்பக்கம் நோக்கி, மணி கோக்கிற மாதிரி ஜோடி ஜோடியாகச் சேர்ந்துகொண்டே போகும். முதுகெலும்பின் கணுக்களெல்லாம் அவற்றிலிருந்து வருகிறவை. பின்கோடியில் மொட்டுப் போல ஒரு குவியல் இருக்கும். அதில் சரக்கு இருக்கும்வரை புதுக் கண்டங்கள் வந்துகொண்டிருக்கும். பிறகு ஓரிடத்தில் நின்றுவிடும். கடைசியாக வந்தவற்றில் சில பின்னால் ஒன்றோடொன்று ஒட்டிப் போய், வாலிறகைத் தாங்குகிற ஒற்றை எலும்பாகும். ஏன் அங்கே நிற்கிறது, போதும் என்று யார் சொல்கிறார்கள் என்பதுதான் அவளுடைய கேள்வி. அந்தக் கேள்வியோடு அவள் மல்லுக்கட்ட ஆரம்பித்தபோது அவளுக்குத் தலையில் ஒரு நரைமுடிகூட இல்லை.

சாதாரண முட்டைகளை எவ்வளவு பார்த்தாலும் ஓர் எல்லைக்கு மேல் விஷயம் நகரவில்லை. வாலே வராத ஓர் இனம் கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று துறைத்தலைவர் சொன்னார். அப்போதுதான் அவளுக்கு அண்ணனின் கொல்லைப்புறம் ஞாபகத்துக்கு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கைப்பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்ததைப் பார்த்தே அண்ணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முட்டை வேண்டும் என்று தங்கை அண்ணனிடம் கேட்டாள். சிறுவயதிலிருந்து அவளுடைய படிப்புக்கும் அவருக்கும் ஒட்டுறவே இருந்ததில்லை. அவள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் 'ஏதோ ஆராய்ச்சி' என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியாது. இப்போது அந்த ஆராய்ச்சி அவருடைய கூண்டு வாசலில் வந்து நிற்கிறது. எழுந்து போய், முட்டைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பொறுக்கத் தொடங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் அவரே கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு, பழைய கம்பளிச் சட்டையில் சுற்றிய முட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வருவார். ஏன், வேனிலேயே வரலாமே என்று அவள் கேட்டதற்கு, பள்ளிக்கூட வண்டியைச் சொந்த வேலைக்கு எடுக்கக்கூடாது என்றார்.

ஒருநாள் உள்ளே கூட்டிப் போய்க் காட்டினாள். முட்டையின் மேல்பக்கம் ஓட்டில் சின்னதாக ஒரு சன்னல் வெட்டி, கருவுக்கு அடியில் ஒரு துளி கறுப்பு மையைச் செலுத்தினாள். அதுவரை ஒன்றுமே தெரியாத இடத்தில், கறுப்புக்கு மேலே வெள்ளையாக ஒரு சின்ன உயிர் தெளிந்து வந்தது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார்.

"துடிக்குதே," என்றார்.

"இதயம். முதுகுப் பக்கம் பாரு, வரிசையா மணி மாதிரி தெரியுதா?"

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நிமிராமலே, இதற்கப்புறம் இது என்ன ஆகும் என்று கேட்டார். வெளியே எடுத்து மருந்தில் போட்டுவிடுவோம், பிறகு சாயமேற்றி, மெல்லிசாகச் சீவிப் பார்ப்போம் என்று அவள் சொன்னாள். அண்ணன் தலையசைத்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அடுத்த வாரமும் முட்டைகள் வந்தன. ஆனால் உள்ளே வந்து பார்க்கிறாயா என்று கேட்டபோது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

வேலை சூடுபிடித்தது. கூழைக் கருக்களிலும் வால்மொட்டு முதலில் ஒழுங்காகத்தான் வந்தது; அப்புறம், கண்டங்கள் வரவேண்டிய சமயத்தில், உள்ளிருந்த செல்கள் மடியத் தொடங்கி மொட்டு சுருங்கிப் போனது. இடமும் இருந்தது, ஏற்பாடும் இருந்தது, வரவேண்டியது மட்டும் வரவில்லை. அவள் கட்டுரை எழுதி அனுப்பினாள். பரிசீலித்தவர்கள் பாராட்டிவிட்டு, மொட்டு சுருங்கத் தொடங்குகிற அந்தத் தறுவாயில் இன்னும் சில கருக்களைக் காட்டச் சொல்லிக் கேட்டார்கள். அண்ணனிடம் சொன்னாள். அவர் இருந்ததிலேயே நல்ல முட்டைகளாகப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த வாரம்தான் கோழிக்காய்ச்சல் வந்தது.

அண்ணன் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் இருந்த ஒரு பெரிய பண்ணையில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. சுற்றுவட்டாரத்தில் ஒரு பறவை மிச்சமிருக்கக்கூடாது என்று உத்தரவு. கால்நடை மருத்துவர் தலைமையில் வெள்ளை அங்கியும் முகமூடியுமாக ஆட்கள் வீடு வீடாக வந்தார்கள். அண்ணனின் கோழிகளுக்குத் தும்மல்கூட இல்லை. ஆனாலும் காலை வேன் ஓட்டத்துக்கும் மாலை ஓட்டத்துக்கும் நடுவில் கூண்டுகள் காலியாகிவிட்டன. மேனேஜரை அண்ணனே பிடித்துக் கொடுக்கவேண்டியிருந்தது. அது வேறு யார் கையிலும் அடங்கவில்லை.

தங்கைக்கு இதெல்லாம் மத்தியானம்தான் தெரிந்தது. அண்ணன் முன்பே இரண்டு மூன்று தடவை கூப்பிட்டிருந்தார். கையுறையோடு மேசையில் இருந்தபோது அவள் எடுப்பதில்லை. அவள் திருப்பிக் கூப்பிட்டபோது அவர் நடந்ததை ரொம்பச் சுருக்கமாகச் சொன்னார். கடைசியில், கொஞ்சம் தயங்கி, கேட்டார்.

"உன்கிட்ட குடுத்தது எல்லாம் இருக்கா, உடைச்சிட்டியா?"

"இருக்கு. நாளைக்குக் காலையில திறக்கணும்."

"அதை விட்டுவச்சா பொரிக்குமில்ல?"

அவளுக்குப் புரிந்தது. அடைகாப்புப் பெட்டிக்குள் இருக்கிற அந்த ஒரு தட்டு முட்டையைத் தவிர, அண்ணன் உருவாக்கிய கூழைக்கோழி வம்சத்தில் இப்போது உலகத்தில் வேறெதுவும் இல்லை.

"பார்க்கறேண்ணா," என்றாள்.

உண்மையிலேயே பார்க்கத்தான் நினைத்தாள். துறைத்தலைவர் அறைக்குப் போகும்வழியில்கூட அதே நினைப்புத்தான். அவர் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே செய்தியைக் கேள்விப்பட்டிருந்தார். நல்ல வேளை, முட்டைகள் முன்பே வந்துவிட்டன, நாளைக்கு முடித்துவிடுவீர்கள் அல்லவா, இனிமேல் இங்கே இந்த இனம் கிடைக்காது என்றார். நோய் வந்த பகுதியிலிருந்து வந்த முட்டையைப் பொரிக்கவிட அனுமதிக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன் என்றும் போகிற போக்கில் சொன்னார். நினைக்கிறேன் என்றுதான் சொன்னார். அவள் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கால்நடைத் துறைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஒருவேளை அனுமதி கிடைத்துவிடுமோ என்ற எண்ணம் மனசின் ஓரத்தில் ஓடியதை அவள் அறியாமல் இல்லை.

மறுநாள் காலையில் எல்லா முட்டைகளையும் திறந்தாள். அத்தனை கருக்களும் சரியான பருவத்தில் இருந்தன; அவள் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான தொகுதி அமைந்ததில்லை.

சாயந்திரம் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"சட்டம் இடம் தரலைண்ணா. நோய் வந்த இடத்து முட்டையைப் பொரிக்க விடக்கூடாதாம்."

அந்தப் பக்கம் வேனின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"எல்லாத்துலயும் உயிர் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஒண்ணுகூட கூமுட்டை இல்லையா?"

"இல்ல."

"சரிம்மா," என்றார் அண்ணன். "நீ என்ன பண்ணுவ."

கட்டுரை வெளிவந்தது. கடைசி முட்டைகளிலிருந்து எடுத்த படம் அதில் ஒரு மூலையில், கட்டைவிரல் நகமளவுக்கு இருந்தது. நன்றி சொல்கிற இடத்தில் அண்ணன் பெயரைப் போட்டிருந்தாள். அதைக் காட்டியபோது அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்து, எழுத்துப்பிழை இல்லாமல் போட்டிருக்கிறார்களே என்றார். அதற்குப் பிறகும் பேச்சுவார்த்தை இருந்தது, போக்குவரத்து இருந்தது. வேலையைப் பற்றி மட்டும் அவர் கேட்கவில்லை. அவள் அதை அதிகம் யோசிக்கவும் இல்லை.

அடுத்த வருஷம் நிலையத்தில் நோய்த்தடுப்பு முறைகள் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. பேச வந்தவர் அந்தக் கால்நடை மருத்துவர்தான். நல்ல மனிதர், பேசி முடித்துத் தேநீர்க் கோப்பையோடு எல்லோரிடமும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் அவள் ஒரு சந்தேகம் கேட்டாள். நோய் பரவுவதற்கு முன்பே ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்ட முட்டைகளைப் பொரிக்கவிட வழியுண்டா?

"தாராளமா," என்றார் அவர். "பரிசோதனை பண்ணி, தொற்று இல்லன்னா தனியா வச்சுப் பொரிக்க விடலாம். போன வருஷம் ஒருத்தர் இதையேதான் கேட்டார். கோழி எல்லாத்தையும் பிடிச்சுக் குடுத்துட்டு, அழுதுகிட்டே கேட்டார். ஸ்கூல் வேன் ஓட்டறவர். தங்கச்சிகிட்ட கொஞ்சம் முட்டை இருக்குன்னார். நானே கையெழுத்துப் போட்டு ஒரு தாள் குடுத்தனுப்பினேன். அப்புறம் அந்தத் தங்கச்சி பேசவே இல்ல. என்ன ஆச்சோ."

அவள் ஏதோ தலையாட்டினாள். கோப்பையை எங்கே வைத்தோம் என்பது பிறகு அவளுக்கு நினைவில்லை.

அன்றைக்கே மத்தியானம் விடுப்புச் சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வாசலில் வேனின் சன்னல்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் விரல் ரேகைகள் வரிசையாக இருந்தன. பஸ்ஸில் வரும்போது எப்படி எப்படியோ தொடங்க நினைத்திருந்தாள். வந்து நின்றதும் நேராகவே வந்துவிட்டது.

"சட்டம் இடம் தரலைன்னு உன்கிட்ட சொன்னேன். நான் யார்கிட்டயும் கேக்கவே இல்லைண்ணா."

"தெரியும்மா," என்றார் துடைத்துக்கொண்டே.

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல? கையில தாள் வச்சிருந்தியே."

அண்ணன் துணியை வாளியில் அலசிப் பிழிந்தார். பிறகு அந்த நாளைப் பற்றிச் சொன்னார். அவளோடு போனில் பேசிய பிறகு, சாயந்திரம் மருத்துவர் கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு இரண்டு பஸ் பிடித்து வந்திருக்கிறார். வாயிலில் காவலாளி உள்ளே விசாரித்துவிட்டு, அம்மா வேலையில் இருக்கிறார்கள், காத்திருங்கள் என்று பெஞ்சைக் காட்டியிருக்கிறார்.

"அந்த வேலை என்னன்னு எனக்குத் தெரியாதா? அப்பவே புரிஞ்சுபோச்சு. அவசரம், உடனே கூப்பிடுங்கன்னு சொல்லியிருந்தா கூப்பிட்டிருப்பாங்க. பாதியாவது தப்பியிருக்கும். என்னமோ வாய் வரல. உன்கூட வேலை செய்யறவங்க முன்னாடி, உன் மேசைகிட்ட வந்து, கோழிக்குஞ்சுக்காக நிக்கறதுன்னா ஒரு மாதிரி கூச்சமா இருந்துச்சு." துணியை மறுபடி வாளியில் நனைத்தார். "ரொம்ப நேரம் உக்காந்து பார்த்தேன். பிள்ளைங்களை ஏத்தற நேரம் ஆயிடுச்சு, வந்துட்டேன். தப்பு உன்மேல மட்டும் இல்லம்மா. நான் ஒரு குரல் குடுத்திருக்கணும்."

அவர் திட்டியிருந்தால் அவளுக்கு அழுவதற்கு ஒரு வழி இருந்திருக்கும். அந்த ஒரு தட்டு முட்டை இல்லாமலும் கட்டுரை நின்றிருக்கும் என்பதை அவள் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அது இன்னொரு கொடுமை என்று தோன்றியது. வேறு ஊர்களில் இந்த இனத்தை வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், எழுதிக் கேட்டு முட்டை வரவழைத்துத் தருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

"வேண்டாம்மா. அது அவங்க கோழி," என்றார் அண்ணன். மணி பார்த்துவிட்டு, வாளித் தண்ணீரைத் தெருவோரம் கொட்டினார்.

வேன் கிளம்பிப் போனபிறகு அண்ணி அவளை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். கொல்லைப்புறத்தில் கூண்டுகளைக் கழற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் துணிக்கொடி கட்டியிருந்தது. அண்ணி அதிலிருந்து காய்ந்த துணிகளை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அவர் உன்மேல கோவப்படவே இல்ல," என்றாள் பிறகு. "ஒரு நாளாவது கோவப்பட்டுக் கத்தியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். மனுஷன் சும்மா இருக்கார். லீவு நாள்ல என்ன பண்றதுன்னு தெரியாம ரெண்டு வாட்டி பல் தேய்க்கிறார்."

சிரிக்கிற விஷயம்தான். இருவரும் சிரிக்கவில்லை.

அவள் திரும்பிப் போய் வேலையைத் தொடர்ந்தாள். வேறென்ன செய்வது? முன்போலவே பெரிய பண்ணைகளிலிருந்து அட்டை அட்டையாக முட்டைகள் வந்தன. வாலுள்ள சாதாரணக் கோழிகளின் முட்டைகள். மொட்டில் போதும் என்று யார் சொல்கிறார்கள் என்ற கேள்விக்கு இன்னும் முழுசாக விடை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். கைப்பையை இறக்கி வைத்துவிட்டு உட்காருகிறாள், சாப்பிடுகிறாள், அண்ணியோடு பாத்திரம் கழுவுகிறாள். அண்ணன் வேனின் டயரைப் பற்றியும் பிள்ளைகளின் சேட்டைகளைப் பற்றியும் பேசுகிறார். நன்றாகத்தான் பேசுகிறார்.

வாயில் காவலாளியிடம் அவள் ஒன்று சொல்லி வைத்திருக்கிறாள். தன்னைத் தேடி யார் வந்தாலும், தான் எந்த வேலையில் இருந்தாலும், காத்திருக்கச் சொல்லாமல் உடனே கூப்பிடவேண்டும். அவரும் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்கிறார். கூரியர்காரர் வந்தால் கூப்பிடுகிறார். நுண்ணோக்கி விற்கிறவர் வந்தால் கூப்பிடுகிறார். வழி தவறி யாரோ பக்கத்துக் கட்டடத்தைக் கேட்டு வந்தால்கூடக் கூப்பிடுகிறார். பாதியில் விட்ட கரு காய்ந்து வீணாகிறது என்று கூட இருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவள் ஒவ்வொரு தடவையும் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, படியிறங்கி, வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.